அனிட்டா வார்டின் இரண்டாவது பாட்டு 87ஆம் இடத்தோடு நின்றது நியாயமா?

சுழல்45

'ரிங் மை பெல்' பாட்டை இங்கே பாதிப் பேராவது கேட்டிருப்பீர்கள். 1979, அமெரிக்கப் பாடகி அனிட்டா வார்டின் டிஸ்கோ பாட்டு. அமெரிக்காவில் எந்தப் பாட்டு எவ்வளவு ஓடுகிறது என்று வாராவாரம் வரிசைப்படுத்தும் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் இரண்டு வாரம் முதலிடம், பிரிட்டனிலும் முதலிடம். அதே ஆண்டிலேயே அடுத்து வந்த 'டோன்ட் டிராப் மை லவ்' பாட்டை எத்தனை பேர் கேட்டிருக்கிறீர்கள்? அது 87ஆம் இடம் வரை ஏறி இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவர் பெயர் அந்தப் பட்டியலுக்குத் திரும்பவே இல்லை. ஒரே ஹிட் கொடுத்தவர்கள் என்று யார் எழுதினாலும் அவர் பெயர் வருகிறது, கூடவே ஒரு கேலியும் வருகிறது. அந்தக் கேலிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் வாதம் இதுதான். இரண்டாவது பாட்டு மோசமான பாட்டு அல்ல, அது வந்த நேரமும் வெளியிட்ட கம்பெனியின் நிலைமையும்தான் அதை முடித்தன. 'ரிங் மை பெல்' கடைசியாக முதலிடத்தில் நின்றது ஜூலை 7 தேதியிட்ட பட்டியலில். ஐந்தே நாளில், ஜூலை 12 அன்று, சிகாகோவின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு டிஸ்கோ ரெக்கார்டு கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட் என்று அறிவித்தார்கள். ஸ்டீவ் டால் என்ற ரேடியோக்காரர் வந்து சேர்ந்த ரெக்கார்டுகளை மைதானத்தில் குவித்து வெடிவைத்தார். கூட்டம் உள்ளே பாய்ந்து தரையைக் கிழித்துப் போட்டதில் அன்றைய இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அந்தச் சூழலில் மறுபடி ஒரு டிஸ்கோ சிங்கிளோடு (தனியாக வெளியிடும் பாட்டு) வந்து நிற்கும் புதுப் பாடகிக்கு எந்த ரேடியோ நிலையம் இடம் கொடுக்கும்?

இன்னொன்று, அவர் இருந்தது ஃபிரெடரிக் நைட் நடத்திய ஜுவானா என்ற சின்ன இசைத்தட்டு லேபிளில். அதைக் கடைகளுக்குக் கொண்டுபோனது மயாமி பக்கத்து டி.கே. ரெக்கார்ட்ஸ். அந்த டி.கே. 1981இல் திவாலானது. இந்தக் கணக்கையெல்லாம் பார்க்காமல் "அவருக்கு ஒரே பாட்டுதான் வந்தது" என்று முடித்துவிடுவது நியாயமா?

பாஸ் பாலா

சுழல் அண்ணா, உங்கள் அன்பு புரிகிறது, ஆனால் வாதம் நிற்கவில்லை. அந்தப் பாட்டைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அது நேற்று வைத்த குழம்பில் தண்ணீர் ஊற்றிச் சூடாக்கியது. அதே தயாரிப்பாளர் நைட், அதே எலக்ட்ரானிக் டிரம் ஓசை, அதே துள்ளல், ஆனால் முதல் பாட்டில் இருந்த, மனதில் மாட்டிக்கொள்ளும் கொக்கி இல்லை. பேஸ் கிட்டார் வாசிப்பவன் காதில் உடனே தெரியும்: 'ரிங் மை பெல்' பாட்டில் பேஸ் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து நிறுத்துகிறது, அந்த இடைவெளியில்தான் மணி ஓசையும் குரலும் வந்து உட்காருகின்றன. இரண்டாவதில் அந்த இடைவெளியையெல்லாம் நிரப்பிவிட்டது போலத்தான் எனக்குக் கேட்கிறது.

சிகாகோவில் வெடிவைத்ததைக் காரணமாகச் சொல்கிறீர்களே, ஒரு கேள்வி. அந்தக் கோபம் யாருடையது? பெரும்பாலும் ராக் ரேடியோ கேட்ட வெள்ளைக்கார இளைஞர்களுடையது. அப்படியென்றால் கறுப்பின ரேடியோ நிலையங்களை வைத்து வந்த ஆர்&பி பட்டியலில் இந்தப் பாட்டு நன்றாக ஏறியிருக்க வேண்டாமா? 'ரிங் மை பெல்' அங்கேயும் முதலிடம். இது முதல் ஐம்பதுக்குள்கூட வரவில்லை. அந்த ரேடியோக்காரர்கள் யாரும் டிஸ்கோவை எரிக்கவில்லையே. அவர்களுக்கும் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தஞ்சை ராக்கர்

பாலா சொன்னதில் பாதி சரி. ஆனால் அந்தக் கோபத்தை வெறும் வெறுப்பு என்று ஒதுக்க வேண்டாம். 1978, 79இல் எல்லாக் கம்பெனியும் எல்லோரையும் டிஸ்கோ பாட வைத்தன. ராட் ஸ்டூவர்ட்கூடப் பாடினார். ரேடியோ நிலையங்கள் ராக்கிலிருந்து டிஸ்கோவுக்கு மாறின, ஸ்டீவ் டாலே அப்படி ஒரு நிலையம் மாறியதில் வேலை இழந்தவர்தான். கேட்பவனுக்கு அலுப்பு வராதா? ஆகஸ்ட் கடைசியில் 'மை ஷரோனா' வந்து ஆறு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது என்றால் ஜனங்கள் கிட்டாருக்கு ஏங்கிக் கிடந்தார்கள் என்று அர்த்தம். இதில் அனிட்டா வார்டுக்கு யாரும் தனியாக அநியாயம் செய்யவில்லை.

கலையரசி_கீஸ்

ராக்கர் தம்பி, அலுப்பு எனக்கும் புரியும். ஆனால் அன்று அந்த மைதானத்தில் ஆள்களுக்கு இடம் காட்டும் வேலை பார்த்தவர் வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர். பின்னாளில் சிகாகோ ஹவுஸ் என்ற நடன இசையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். மக்கள் கொண்டுவந்த ரெக்கார்டுகளில் நிறைய டிஸ்கோவே அல்ல, வெறும் கறுப்பினக் கலைஞர்களின் ரெக்கார்டுகள் என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அலுப்பு வந்தால் ரேடியோவை அணைத்துவிடலாம். ரெக்கார்டைத் தேடி எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வருவதற்கு அலுப்பு மட்டும் காரணமாக இருக்காது.

பாட்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

மணிமாறன்_பட்டியல்

பட்டியல்களைப் பார்த்தால் சுழல் சாரின் முதல் காரணம் அடிபடுகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜூலை 12க்குப் பிறகு ஹாட் 100இல் யார் யார் முதலிடம் வந்தார்கள் என்று பாருங்கள். ஜூலை 14 முதல் டோனா சம்மரின் 'பேட் கேர்ள்ஸ்' ஐந்து வாரம். ஆகஸ்ட் 18 ஷீக் குழுவின் 'குட் டைம்ஸ்'. பிறகு 'மை ஷரோனா', சரி. அக்டோபர் 13 மைக்கேல் ஜாக்சனின் 'டோன்ட் ஸ்டாப் டில் யூ கெட் இனஃப்'. நவம்பர் கடைசியில் டோனா சம்மரும் பார்ப்ரா ஸ்ட்ரைசண்டும் சேர்ந்து பாடிய 'நோ மோர் டியர்ஸ்' இரண்டு வாரம். இவையெல்லாம் டிஸ்கோ இல்லையென்றால் எது டிஸ்கோ? "அவர்கள் பெரிய பெயர்கள்" என்பீர்கள். 1980 கோடையில் லிப்ஸ் இன்க் என்று மினியாபொலிஸிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு குழு 'ஃபங்கிடவுன்' பாட்டோடு வந்து நான்கு வாரம் முதலிடத்தில் நின்றது. கொமிஸ்கி பார்க் முடிந்து கிட்டத்தட்ட ஓராண்டு கழித்து! ஆக, புது ஆளாக இருந்தும் டிஸ்கோ பாட்டு ஜெயிக்க முடிந்திருக்கிறது.

இரண்டாவது காரணமான டி.கே. கம்பெனியைப் பார்ப்போம். திவாலானது 1981. ஆனால் 1979 கடைசியில் அதே கம்பெனி வெளியிட்டு, 1980 ஜனவரி 5 பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு ஒன்று இருக்கிறது: கே.சி. அண்ட் தி சன்ஷைன் பேண்டின் 'ப்ளீஸ் டோன்ட் கோ'. 80களின் முதல் நம்பர் ஒன்னே டி.கே. ரெக்கார்டுதான். விநியோகம் செத்துவிட்டது என்றால் அது எப்படிக் கடைகளுக்குப் போனது?

பிரிட்டனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே யாரும் ரெக்கார்டை வெடிக்கவில்லை. 1980களிலும் அங்கே நடனப் பாட்டுகள் நன்றாகவே ஓடின. ஆனாலும் அனிட்டா வார்ட் அந்த நாட்டுப் பட்டியலில் ஒரே ஒரு பாட்டோடு நின்றுவிட்டார். ஒரு நம்பர் ஒன், அதற்கு முன்னும் பின்னும் எதுவும் இல்லை.

பாஸ் பாலா

மணிமாறன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டார். இனிமேல் நேரமும் கம்பெனியும் காரணம் என்று சொல்ல முடியாது.

சுழல்45

சொல்லலாம், சொல்லுவேன். கே.சி. உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள் மணிமாறன். 1975, 76, 77 என்று நான்கு நம்பர் ஒன் கொடுத்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். டி.கே. கம்பெனியை மேலே கொண்டுவந்ததே அவர்கள்தான். பணம் சுருங்குகிற நேரத்தில் ஒரு கம்பெனி விளம்பரத்துக்கும் ரேடியோக்காரர்களைப் பார்க்கிற செலவுக்கும் யாரை முன்னால் நிறுத்தும்? சொந்த வீட்டுப் பிள்ளையையா, விநியோகத்துக்கு மட்டும் எடுத்த ஜுவானா லேபிளின் பாடகியையா? கணக்குப் புத்தகத்தை நான் பார்க்கவில்லை, ஆனால் வியாபாரம் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஆண்டு அமெரிக்க இசைத்தட்டு வியாபாரமே சரிந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 1978இல் உச்சம், 79இல் இறக்கம். ஏ&எம் மாதிரி லேபிள்கள் தனி விநியோகஸ்தர்களை விட்டுவிட்டுப் பெரிய கம்பெனிகளின் சொந்த விநியோகத்துக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்த தனி விநியோகஸ்தர்களை நம்பி இருந்தவர்களில் டி.கே.யும் ஒன்று. நம்பர் ஒன் ஆகிற பாட்டுக்கு இந்த நிலைமையிலும் கடையே ஓடிவந்து கேட்கும். 80, 90ஆம் இடத்தில் தள்ளாடுகிற பாட்டைத்தான் யாராவது கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அப்போது பட்டியலுக்கான விற்பனை விவரமே கடைக்காரர்கள் சொல்வதை வைத்துத்தான் வந்தது, கணினியில் எண்ணி எடுக்கும் முறை 1991இல்தான் வந்தது. கடையில் ரெக்கார்டு இல்லையென்றால் கடைக்காரர் என்ன சொல்வார்?

ஃபங்கிடவுன் பாட்டை வெளியிட்டது காசாபிளாங்கா. டோனா சம்மரை ஊர் உலகத்துக்குத் தெரிய வைத்த கம்பெனி. அந்தப் பாட்டையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

தஞ்சை ராக்கர்

அண்ணா, ஆர்&பி பட்டியல் பற்றி பாலா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

பாஸ் பாலா

வராது. ஏனென்றால் பதில் இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். 'ரிங் மை பெல்' ஹிட் ஆனதுகூட அனிட்டா வார்டால் அல்ல, ஃபிரெடரிக் நைட்டால். பாட்டை எழுதியவர் அவர், தயாரித்தவர் அவர், பெரும்பாலான வாத்தியங்களை வாசித்தவரும் அவரே. பாட்டு முதலில் யோசிக்கப்பட்டதே ஸ்டேசி லாட்டிசா என்ற பதினொரு வயதுப் பெண்ணுக்காக, பிள்ளைகள் டெலிபோனில் பேசிக்கொள்வதைப் பற்றி. அந்தப் பெண் வேறு லேபிளுக்குப் போனதும் வரிகளை மாற்றி அனிட்டாவிடம் கொடுத்தார். பாடுபவர் மாறலாம், பாட்டு மாறாது என்பதுதானே இதற்கு அர்த்தம்? அந்தப் பாட்டில் நம் காதில் முதலில் விழுவது எது? சைனேர் என்ற எலக்ட்ரானிக் டிரம்மிலிருந்து வருகிற, மேலிருந்து கீழே வழுக்கும் அந்த ஓசை. அது ஒரு தடவைதான் புதுசு. இரண்டாவது தடவை அதையே வாசித்தால் கேட்பவர்களுக்கு அலுக்கும். ஒற்றை ஹிட் ஏன் ஒற்றை ஹிட் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை.

கலையரசி_கீஸ்

பாலா, இதற்குத்தான் காத்திருந்தேன். பாடுபவர் மாறலாம் என்று சொன்னீர்களே, எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. மேடையில் கீபோர்டு வாசிக்கிற ஒருத்தியாகச் சொல்கிறேன். அந்தச் சைனேர் ஓசையை 80களில் யார் யாரோ பயன்படுத்தினார்கள். நம் ஊர் லைட் மியூசிக் மேடைகளில்கூட எலக்ட்ரானிக் டிரம் பேடுகளில் அதே வகை ஓசையைத் தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த ஓசை எல்லோருக்கும் கிடைத்தது. 'ரிங் மை பெல்' இன்னொன்று கிடைக்கவில்லை.

அந்தப் பாட்டைத் திரும்பக் கேளுங்கள். தாளத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பிடியுங்கள். வரிகள் என்ன? வேலை முடிந்து வீட்டுக்கு வந்த கணவனையோ காதலனையோ கூப்பிடுகிற பாட்டு. இதைக் கொஞ்சம் அதிகமாகக் குழைந்து பாடியிருந்தால் மலிவாகிப் போயிருக்கும். கத்திப் பாடியிருந்தால் கேலியாகிப் போயிருக்கும். அந்தக் காலத்து டிஸ்கோ பாடகிகள் பெரும்பாலும் தேவாலயப் பாணியில் நெஞ்சிலிருந்து முழங்கியவர்கள்: குளோரியா கேனர், தெல்மா ஹூஸ்டன். அவர்களை நான் குறைசொல்லவில்லை, அது வேறு அழகு. அனிட்டா வார்ட் அந்தப் பக்கமே போகவில்லை. மேல் ஸ்தாயியில், மிக லேசாக, அவசரமே இல்லாமல், தாளத்தை முந்தாமல் பாடுகிறார். அவ்வளவு உயரத்தில் குரல் நடுங்காமல், அழுத்தாமல் நிற்பது பயிற்சியால் மட்டும்தான் வரும். அவர் மெம்ஃபிஸ்காரர், சுவிசேஷப் பாட்டில் வளர்ந்தவர், மிசிசிப்பியில் ரஸ்ட் கல்லூரியில் படித்தபோது அங்கே வாத்தியம் இல்லாமல் பாடுகிற பாடகர் குழுவில் இருந்தவர். வாத்தியத் துணை இல்லாமல் பாடிப் பழகியவர்களுக்குச் சுருதி உள்ளேயே இருக்கும். அந்தக் குளிர்ந்த குரல் இருந்ததால்தான் நைட் இத்தனை இடைவெளியோடு வாத்தியங்களை அடுக்க முடிந்தது. பாலா, நீங்களே புகழ்ந்த அந்த இடைவெளி! முழங்குகிற குரலாக இருந்தால் அங்கே நிரப்பியே ஆக வேண்டியிருந்திருக்கும்.

பதினொரு வயதுப் பெண்ணுக்காக எழுதியது என்ற கதையையும் யோசித்துப் பாருங்கள். அதே மெட்டை அந்தப் பெண் பாடியிருந்தால் அது டெலிபோன் விளையாட்டுப் பாட்டாக இருந்திருக்கும். வரியையும் குரலையும் மாற்றிய பிறகுதான் அது வேறு பாட்டு ஆனது. ஆளை மாற்றினால் பாட்டு மாறும் என்பதற்குத்தான் நீங்கள் சாட்சி கொண்டுவந்திருக்கிறீர்கள்.

மணிமாறன்_பட்டியல்

கலையரசி அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நைட்டும் பாடகர்தான். 1972இல் ஸ்டாக்ஸ் லேபிளில் 'ஐ'வ் பீன் லோன்லி ஃபார் ஸோ லாங்' என்று ஃபால்செட்டோவில், அதாவது ஆண் குரலை மேலே ஏற்றிப் பாடும் பாணியில், பாடினார், ஹாட் 100இல் 27ஆம் இடம் வரை வந்தது. அதற்குப் பிறகு பாடகராக அவருக்கு அந்த உயரம் திரும்ப வரவில்லை. ஸ்டாக்ஸ் கம்பெனியும் 1975 கடைசியில் திவாலானது. அவர் தானே ஜுவானா தொடங்கி மற்றவர்களைப் பாட வைத்தார். மேல் ஸ்தாயியில் லேசாகப் பாடுவதன் மதிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும், ஆளைத் தேர்ந்தெடுத்ததும் அதை வைத்துத்தான் என்று நினைக்கிறேன்.

தஞ்சை ராக்கர்

குரல் நன்றாக இருக்கிறது, அதை நான் மறுத்ததே இல்லை. எனக்குப் பிரச்சினை பாட்டின் நீளமும் திரும்பத் திரும்ப வருவதும். பன்னிரண்டு அங்குல ரெக்கார்டில் எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. ஒரு பாட்டு எங்கேயாவது போய்ச் சேர வேண்டாமா? ராக்கில் ஒரு பாட்டு எட்டு நிமிடம் ஓடினால் நடுவில் கிட்டார் சோலோ வரும், தாளம் மாறும், ஏதாவது நடக்கும். இதில் தொடக்கத்தில் எங்கே நின்றோமோ முடிவிலும் அங்கேயே நிற்கிறோம்.

சுழல்45

அது உட்கார்ந்து கேட்க எழுதிய எட்டு நிமிடம் அல்ல தம்பி. ஆடுகிறவர்கள் நிற்காமல் ஆடுவதற்கும், டிஜே ஒரு ரெக்கார்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாளம் தப்பாமல் மாறுவதற்கும் நீட்டியது. முன்னும் பின்னும் வெறும் தாளமாக இருந்தால்தான் அவருக்குக் கை வைக்க இடம் கிடைக்கும். சோலோ வைத்தால் தளத்தில் ஆடுகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். சரி, இது வேறு விவாதம்.

பாலாவுக்கும் ராக்கருக்கும் ஆர்&பி பட்டியல் பற்றிய பதில். கறுப்பின ரேடியோ நிலையங்கள் ரெக்கார்டை எரிக்கவில்லை, உண்மைதான். ஆனால் அங்கேயும் டிஸ்கோவின் மீது வருத்தம் இருந்தது, வேறு காரணத்துக்காக. ஒரே மாதிரித் தாளத்துக்குள் சோல் பாடகர்களின் குரல் அடங்கிப் போகிறது என்ற வருத்தம். அவர்கள் ஃபங்க் பக்கமும் மெதுவான பாட்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு சோல் பாடகியை இரண்டாவது முறையும் டிஸ்கோ தாளத்தில் அனுப்பினால் என்ன நடக்கும்? இரண்டு பக்கமும் இடம் இல்லை.

பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'ரிங் மை பெல்' நம்பிக்கையோடு கூப்பிடுகிறவளின் பாட்டு. அடுத்ததில் அதே குரல், என் காதலைக் கைநழுவ விட்டுவிடாதே என்று கேட்கிறது. தாளம் துள்ளுகிறது, குரலில் ஒரு பயம். அந்த முரண் எனக்குப் பிடித்திருக்கிறது. பாலாவுக்குத் தண்ணீர் ஊற்றியதாகத் தெரிவது எனக்கு ஒரே பெண்ணின் அடுத்த அத்தியாயமாகத் தெரிகிறது.

பாஸ் பாலா

அத்தியாயமெல்லாம் நீங்கள் சேர்த்துப் படிப்பது அண்ணா. ரேடியோவில் அதைக் கேட்டவருக்கு முந்தைய பாட்டின் ஞாபகம் வந்திருக்கும், அந்தப் பாட்டையே திரும்பப் போடச் சொல்லியிருப்பார்.

குரல் விஷயத்தில் கலையரசி அக்கா சொன்ன கட்டமைப்பு வாதம், அதாவது குரல் லேசாக இருந்ததால் வாத்தியத்தில் இடைவெளி விட முடிந்தது என்பது, வலுவான வாதம். அப்படியென்றால் என் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அந்தக் குரலின் பலம் தெரிந்த ஒரு தயாரிப்பாளர் இரண்டாவது பாட்டில் ஏன் அந்தப் பலத்தை விட்டுவிட்டார்? பழியை நைட் மீது வைக்கலாமே தவிர, சிகாகோ மீதோ டி.கே. மீதோ வைக்க முடியாது.

கலையரசி_கீஸ்

இந்தக் கேள்வியில் நானும் உங்களோடுதான் நிற்கிறேன் பாலா. ஆனால் அதற்கான பதில் உங்களுக்குப் பிடிக்காது.

'ரிங் மை பெல்' எப்படிப் பதிவானது என்று பாருங்கள். நைட்டிடம் அவர் போனபோது திட்டம் மூன்று பாட்டுதான். குரலைக் கேட்ட பிறகுதான் அது முழு ஆல்பமாக வளர்ந்தது. 'சாங்ஸ் ஆஃப் லவ்' என்ற ஆல்பம், மிசிசிப்பி ஜாக்சனில் மலாக்கோ ஸ்டுடியோவில் பதிவானது. 'மிஸ்டர் பிக் ஸ்டஃப்', 'மிஸ்டி ப்ளூ' எல்லாம் வந்த ஸ்டுடியோ, தென்னாட்டு சோல் இசையின் வீடு. ஆல்பம் முடிகிற நேரத்தில்தான் வேகமான பாட்டு ஒன்று குறைகிறது என்று நைட் இதைக் கொண்டுவந்தார். அனிட்டாவுக்கு முதலில் பிடிக்கவில்லை, அவர் மனம் இருந்தது மெதுவான காதல் பாட்டுகளில். வற்புறுத்தித்தான் பாட வைத்தார்கள். ஆல்பத்தின் மற்ற பாட்டுகளைக் கேட்டால் அவர் எதற்காக வந்தார் என்று தெரியும்.

இப்போது மணிமாறன் போட்ட பட்டியலுக்கு வாருங்கள். அவர் டிஸ்கோ பாட்டுகளை மட்டும் எடுத்துக் காட்டினார். அதே இலையுதிர் காலத்தில் முதலிடம் வந்த மற்றவை எவை? அக்டோபர் 6 ராபர்ட் ஜானின் 'சேட் ஐஸ்'. நவம்பர் 17 கொமடோர்ஸின் 'ஸ்டில்'. டிசம்பரில் ஸ்டிக்ஸின் 'பேப்', அது ராக் குழு, ஆனாலும் மெதுவான காதல் பாட்டு. கடைசியாக ஜனவரி 5, கே.சி.யின் 'ப்ளீஸ் டோன்ட் கோ'. மணிமாறன் டி.கே. நன்றாக இருந்ததற்குச் சாட்சியாக அதைக் கொண்டுவந்தார், ஆனால் அது என்ன மாதிரிப் பாட்டு? நடனப் பாட்டிலேயே பெயர் வாங்கிய குழு, டிஸ்கோவைக் கீழே வைத்துவிட்டுப் பாடிய மெதுவான பாட்டு! அதே கம்பெனி, அதே மாதங்கள். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கே.சி. பார்த்துத் திரும்பினார், ஜெயித்தார். மெதுவான பாட்டுக்கென்றே வந்த அனிட்டாவை அதே நேரத்தில் மறுபடி நடனத் தளத்துக்கு அனுப்பினார்கள்.

சுழல் அண்ணா, அதனால்தான் உங்கள் வாதத்தை நான் முழுசாக ஏற்கவில்லை. 'டோன்ட் டிராப் மை லவ்' தவறவிடப்பட்ட பாட்டு அல்ல. தவறவிடப்பட்டது அதற்குப் பதிலாக வந்திருக்க வேண்டிய சிங்கிள். 'ரிங் மை பெல்' ரெக்கார்டின் பின்பக்கத்திலேயே 'இஃப் ஐ குட் ஃபீல் தட் ஓல்ட் ஃபீலிங் அகெய்ன்' இருக்கிறது. பல லட்சம் வீடுகளில் அந்த ரெக்கார்டு இருந்தும் திருப்பிப் போட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

மணிமாறன்_பட்டியல்

பின்பக்கத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன் அக்கா. ஆனால் பட்டியல்காரனாக ஒரு தடை சொல்லியே ஆக வேண்டும். 'ஸ்டில்' பாடியது கொமடோர்ஸ், ஏற்கெனவே 'த்ரீ டைம்ஸ் எ லேடி' கொடுத்தவர்கள். ஸ்டிக்ஸும் பெரிய குழு. டிஸ்கோவில் பெயர் வாங்கிய ஒரு புதுப் பாடகியின் மெதுவான பாட்டை ரேடியோ எடுத்திருக்கும் என்பதற்கு ராபர்ட் ஜான் ஒருவர்தான் கொஞ்சம் உதவுகிறார், அவரும் புதியவர் அல்ல, 1972இல் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' பாட்டில் மூன்றாம் இடம் வரை வந்தவர்.

கலையரசி_கீஸ்

எடுத்திருக்கும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. முதல் பாட்டு நம்பர் ஒன் ஆனவருக்கு ரேடியோ நிலையங்கள் அடுத்த ரெக்கார்டை ஒரு தடவையாவது போட்டுப் பார்க்கும். அந்த ஒரு தடவையில் தன்னை யாரென்று காட்டும் வாய்ப்பு அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக வேலை பார்த்தவர், கல்லூரியில் உளவியல் படித்தவர். மேடைக்காக ஏங்கி எதையும் பாடத் தயாராக வந்த ஆள் அல்ல. எது தன் பாட்டு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேட்டவர்கள் இல்லை.

தஞ்சை ராக்கர்

அந்தப் பின்பக்கப் பாட்டை இப்போதுதான் கேட்டேன். நான் டிஸ்கோ ஆள் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் பாடகியை இப்படிக் கேட்கலாம் என்றால் நான் ஆல்பத்தை முழுசாகக் கேட்பேன்.

பாஸ் பாலா

ராக்கரே மனம் மாறினால் நான் என்ன செய்வது. ஆனால் தலைப்பு 87ஆம் இடம் நியாயமா என்பதுதான். அதற்கு என் பதில் மாறவில்லை. 'டோன்ட் டிராப் மை லவ்' பாட்டுக்கு 87 நியாயமான இடம். அனிட்டா வார்ட் என்ற பாடகிக்கு அது நியாயமா என்று கேட்டால், அது வேறு கேள்வி, அதில் நான் கலையரசி அக்கா பக்கம்.

சுழல்45

அந்தப் பாட்டை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் பாலா. இரண்டு பேரும் சேர்ந்து அதைப் பழி சுமக்க வைக்கிறீர்கள், அது தயாரிப்பாளர் செய்த தேர்வு என்பதால் பாடியதும் கெட்டுப்போய்விடாது. கலையரசி பாடகியின் குரலை எப்படிக் கேட்கச் சொன்னாரோ, தாளத்தை ஒதுக்கிவிட்டுக் குரலை மட்டும் பிடித்து, அதே மாதிரி இதையும் ஒருமுறை கேளுங்கள். கேட்ட பிறகும் 87தான் என்று சொன்னால், எந்த இடத்தில் குரல் தளர்கிறது என்று குறிப்பிட்டு எழுதுங்கள். நான் அந்த இடத்தைப் பற்றிப் பேசத் தயார்.